மூன்று பத்துக்குப் பிறந்த முதலீட்டாளர்

மதியம் மூன்று பத்து. அம்பத்தூரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. பக்கத்து நிறுவனத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்திருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. காலையில் ஒரு சர்க்கரை ஆலையின் பங்கை 400 ரூபாய் விலையில் 250 வாங்கியிருக்கிறார். சொந்தப் பணம் 20,000. மீதி 80,000-க்குப் புரோக்கரின் மார்ஜின். அன்றைக்கே விற்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. விலையோ 388-ல் நிற்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் அவர் விற்காவிட்டால் புரோக்கரின் கணினியே விற்றுவிடும். 3,000 ரூபாய் போச்சு.

விரல் நாலைந்து முறை திரையில் ஓடியது. நிமிர்ந்து சிரித்தார்.

“டெலிவரிக்கு மாத்திட்டேண்ணா, இன்னிக்கே விக்க வேணாம். ஏலச்சீட்டு எடுத்த பணம் அக்கவுன்ட்ல கிடந்துச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இனிமே இது லாங் டெர்ம்.”

“ஆலை எந்த ஊர்ல இருக்கு தம்பி?”

“அதெல்லாம் பாக்கலைண்ணா. சார்ட் நல்லா இருந்துச்சு.”

பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக நாள்கணக்கு வைத்துப் பிரிப்பார்கள். அன்றே விற்றால் இன்ட்ரா டே, சில நாள் வைத்தால் ஸ்விங், ஆண்டுக்கணக்கில் வைத்தால் முதலீடு. வருமான வரித் துறைக்கு இந்தக் கணக்கு போதும். எனக்குப் போதவில்லை. வாங்குகிற நேரத்தில் மனதில் இருந்த கேள்வி எது என்று பார்த்தால்தான் யார் எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

டிரேடிங் செய்கிறவர் கேட்பது ஒன்றுதான்: இதை இன்னொருவர் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்? கம்பெனி சர்க்கரை காய்ச்சுகிறதா, சிமென்ட் அரைக்கிறதா என்பது அவருக்குத் தேவையில்லை. அதில் தப்பும் இல்லை. கோயம்பேட்டில் விடியற்காலை தக்காளி எடுக்கிறவர், அந்தச் செடி அடுத்த வருடமும் காய்க்குமா என்று விசாரிப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் கைமாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். முதலீடு செய்கிறவர் தோட்டத்தை வாங்குகிறார். மண் எப்படி, கிணற்றில் தண்ணீர் நிற்குமா, குத்தகைக்காரர் யோக்கியமானவரா என்று அலைந்து பார்ப்பார். வாங்கிய மறுநாளே தோட்டத்தின் விலை என்ன என்று யாரிடமும் கேட்கமாட்டார். இரண்டும் பிழைப்புதான். ஆனால் விற்காமல் போன தக்காளியை வீட்டுக்குக் கொண்டுபோய், இது நீண்டகால முதலீடு என்று எந்த வியாபாரியும் அடுக்கிவைப்பதில்லை. பங்குச் சந்தையில் அது தினமும் நடக்கிறது. செல்போன் செயலியில் அதற்கென்று ஒரு பட்டனே வைத்திருக்கிறார்கள்.

அன்றாட வியாபாரத்தில் பணம் எங்கே கசிகிறது என்று பார்க்கப் புரோக்கர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டைத் திறந்தால் போதும். வியாபாரம் செய்த நாளெல்லாம் மின்னஞ்சலில் வரும், பெரும்பாலானோர் திறப்பதில்லை. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி, லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் அதே விலைக்கு அன்றே விற்றதாக வைத்துக்கொள்வோம். குறைந்த கட்டணம் வாங்கும் புரோக்கருக்கு வாங்கும்போது 20, விற்கும்போது 20. விற்ற தொகையில் 0.025 சதவிகிதம் எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது 25 ரூபாய். தேசியப் பங்குச் சந்தைக்கு ஏறக்குறைய 6 ரூபாய். முத்திரைத் தீர்வை 3. சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு 20 காசு. கட்டணங்களின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 8 ரூபாய்ச் சொச்சம். ஆக மொத்தம் 82 ரூபாய்.

லட்சத்துக்கு 82 ரூபாய்தானே என்று தோன்றும். நம் தம்பி போட்டது லட்சமில்லை, 20,000. ஒரு நாளைக்கு மூன்று முறை, மாதத்துக்கு இருபது நாள் என்றால் அறுபது முறை, 4,920 ரூபாய். லாபமா நட்டமா என்ற பேச்சே எழுவதற்கு முன், மாதா மாதம் போட்ட முதலில் கால்வாசி இப்படிக் கழிகிறது. கந்துவட்டிக்காரர்கூட இந்த விகிதத்தைக் கேட்கக் கூச்சப்படுவார்.

செபியே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. 2022-23 நிதியாண்டில் பங்குகளை இன்ட்ரா டே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நட்டம். நட்டப்பட்டவர்கள் லாபம் பார்த்தவர்களைவிட அதிக முறை வாங்கி விற்றிருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. காண்ட்ராக்ட் நோட்டைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. இன்ட்ரா டேயில் இறங்கியவர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு 2018-19-ல் 18 சதவிகிதம். நான்கே ஆண்டுகளில் 48 சதவிகிதம் ஆகிவிட்டது.

விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் அங்கே புகுந்த ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் பணத்தை விட்டார்கள். ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம்; எல்லோருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் காற்றில் கரைந்துவிடவில்லை. கட்டணங்கள் போக மீதி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் போனது. அவர்கள் லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்கள் சம்பாதித்தவை. நாம் டீக்கடைப் பெஞ்சிலிருந்து கட்டைவிரலால் மோதுவது அவற்றோடுதான்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் புரட்டினார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவிகிதம் கொடுத்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. வாங்கி ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவிகிதம். ஓராண்டு தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5. இன்ட்ரா டே லாபத்தை வரித் துறை ஊக வணிக வருமானம் என்றே எழுதிக்கொள்கிறது. பெயரிலேயே அதன் அபிப்பிராயம் இருக்கிறது.

அப்படியானால் வாங்கிப் போட்டு மறந்துவிடலாமா? இப்படிச் சொல்கிறவர்கள் எம்.ஆர்.எஃப். பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையில் 1946-ல் தொடங்கிய தொழில். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. உண்மைதான். என் மாமாவின் டிரங்குப் பெட்டியும் உண்மைதான்.

தொண்ணூறுகளில் பங்கு வெளியீட்டு விண்ணப்பங்கள் நடைபாதையில் விற்ற காலம். மாமா சம்பளம் வாங்கிய கையோடு இரண்டு வாங்கி நிரப்பிவிடுவார். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தோம். இறால் பண்ணை, தேக்குத் தோட்டம், கிரானைட் ஏற்றுமதி என்று வழவழப்பான பத்திரங்கள், ஓரத்தில் பூவேலை, நடுவில் முத்திரை. முக்கால்வாசிக் கம்பெனிகளின் முகவரியில் இப்போது வேறு ஏதோ கடை இருக்கிறது. உருப்படியாக இருந்தது ஒரே ஒரு உதிரிபாகக் கம்பெனி. அதன் டிவிடெண்டை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து யாரும் வாங்காததால், சட்டப்படி பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டிருந்தன. திரும்பப் பெறலாம்; அதற்கு வாரிசுச் சான்றிதழ், நோட்டரி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்ற கடிதம், மறுபடி நோட்டரி. அத்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். மாமா கால்நூற்றாண்டு பங்கு வைத்திருந்தார். ஒரு நாளாவது முதலீட்டாளராக இருந்தாரா என்று எனக்குச் சந்தேகம். தோட்டத்தை வாங்கியவர் வேலிப் பக்கம்கூடப் போகவில்லை.

பெரிய பெயராக இருந்தால் மட்டும் போதாது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு அருகில் விற்ற யெஸ் பேங்க் பங்கு, 2020 மார்ச்சில் ஒரு நாள் 6 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சந்தை மொத்தத்தையும் வாங்கியவர்களுக்குக்கூடப் பொறுமைக்குச் சோதனை வந்திருக்கிறது. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியபோது உள்ளே வந்தவர், அந்த மாதம் தொட்ட உச்சத்தை அது மறுபடி கடப்பதைப் பார்க்க 2013 இறுதிவரை காத்திருந்தார். நடுவில் 8,000-க்கும் கீழே இறங்கியதையும் பார்த்தார். ஐந்தாறு வருடத்துக்குத் தேவைப்படாத பணம் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஏலச்சீட்டு எடுத்து வைத்த பணம் அந்த வகையில் சேராது.

டிரேடர்களைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. சென்னை செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. வாங்கி விற்க ஆளில்லாமல் ஓய்ந்து, 2015 மே மாதம் செபியின் அனுமதியோடு விடைபெற்றது. அன்றாடம் வாங்கி விற்கிறவர்கள் இருப்பதால்தான், மகள் கல்யாணத்துக்கு நான் பங்கை விற்க நினைத்தால் ஒரு நொடியில் விற்க முடிகிறது. அதைத் தொழிலாகவே செய்கிறவர் ஒருவரைத் தெரியும். வாங்கும்போதே, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டுவிடுவார். விலை அதைத் தொட்டால் முகம் மாறாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார். அவர் கணக்கில் தங்கிப்போன தக்காளி ஒன்றுகூடக் கிடையாது.

டீக்கடைத் தம்பியைப் போன மாதம் பார்த்தேன். சர்க்கரைப் பங்கு 330-ல் இருக்கிறதாம். சீட்டுக்கு இன்னும் தவணை ஓடுகிறது. அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. போனைத் திறந்து வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி ஒன்றை நீட்டினார். 250 ரூபாய் வரவு. பக்கத்தில் ஆலையின் பெயர் சுருக்கமாக இருந்தது. பங்குக்கு ஒரு ரூபாய் டிவிடெண்ட்.

“இது எதுக்குண்ணா வந்திருக்கு?” என்று கேட்டார்.