மைனஸ் 30 டிகிரி குளிரில் வீட்டுக்குள் வெயில்... கண்ணாடி அறை கட்ட எவ்வளவு செலவாகும்?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதம் வானம் பெரும்பாலும் நீலமாகத்தான் இருக்கும். வெயிலும் பளீரென்று அடிக்கும். ஆனால், கதவைத் திறந்தால் முகம் மரத்துப்போகும். அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 16 டிகிரி செல்சியஸ். சில இரவுகளில் மைனஸ் 30-ஐயும் தொடும்.

வெயில் கண்ணில் படுகிறது, உடம்பில் படவில்லை. அதனால்தான் இங்கே வீடு வாங்கும் பலருக்கும் சன் ரூம் மீது ஆசை வருகிறது. வீட்டின் பின்பக்கம் மூன்று புறமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பா குளிர்காலம் முழுக்க நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பதைப் பார்க்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால், கொட்டேஷனில் கையெழுத்து போடும் முன் சில கணக்குகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த அறை வேண்டும்?

சன் ரூமில் இரண்டு வகை உண்டு. முதலாவது, மூன்று பருவ அறை. இதில் ஹீட்டர் இருக்காது. வசந்தம், கோடை, இலையுதிர் காலங்களில் மட்டும் பயன்படும். இரண்டாவது, நான்கு பருவ அறை. வீட்டின் மற்ற அறைகளைப் போலவே ஆண்டு முழுக்க உட்காரலாம்.

தோராயமாக, மூன்று பருவ அறைக்கு 20,000 முதல் 40,000 கனடா டாலர் வரை ஆகலாம். நான்கு பருவ அறை என்றால் சதுர அடிக்கு 300 முதல் 500 டாலர் வரை போகும். 12-க்கு 14 அடி அறைக்கு 50,000 டாலரில் தொடங்கி 84,000 டாலர் வரை. நம் பணத்தில் குறைந்தது 30 லட்சம் ரூபாய்!

பணம் எங்கே போகிறது?

கண்ணாடிக்குத்தான் அதிகம் செலவாகும் என்று நினைப்போம். மண்ணுக்குக் கீழே போகும் செலவும் அதற்குச் சளைத்ததல்ல.

கடும் குளிரில் நிலம் பல அடி ஆழத்துக்கு உறைந்துவிடும். உறையும் ஈரம் விரிந்து, மேலே இருப்பதைத் தூக்கும். வின்னிபெக் மண் ஒரு பழங்கால ஏரியின் களிமண் வேறு. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஏற்கெனவே இருக்கும் மரத் தளத்தின் மேல் அப்படியே கண்ணாடியை நிறுத்தினால், சில வருடங்களில் கதவு இறுகும், கண்ணாடி விரியும், வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் இடைவெளி விழும். எனவே, உறையும் ஆழத்தைத் தாண்டி பைல் இறக்கத்தான் வேண்டும்.

அடுத்து கூரை. வீட்டின் பெரிய கூரையிலிருந்து சரியும் பனி, சன் ரூம் கூரையில் வந்து குவியும். அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். நகராட்சியின் கட்டட அனுமதி, மின் இணைப்பு வேலை ஆகியவை தனி. வீட்டின் மதிப்பு கூடினால் சொத்து வரியும் கூடலாம்.

மாதா மாதம் வரும் பில்

200 சதுர அடி இரட்டைக் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 30, உள்ளே 20 டிகிரி. அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் சுமார் 1.7 கிலோவாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 40 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், இங்கே இரண்டரை நாளில் தீர்ந்துவிடும்!

மூன்றடுக்குக் கண்ணாடி போட்டால் இது 25 யூனிட் அளவுக்குக் குறையும். விலை கூடுதல்தான் என்றாலும், இந்தக் குளிருக்கு அதுதான் சரி. வின்னிபெக்கில் நீர்மின்சாரம் என்பதால் யூனிட் சுமார் 10 சென்ட்தான். மின்கட்டணம் அதிகமுள்ள ஊர்களில் பில் இன்னும் எகிறும்.

பகலில் வெயிலே சூடாக்கிவிடாதா? அறை தெற்குப் பார்த்து இருந்தால் ஓரளவு உதவும். டிசம்பரில் நண்பகல் சூரியனே 17 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்த கதிர் அறைக்குள் ஆழமாக நுழையும். ஆனால், வெயில் 8 மணி நேரம்தான். மீதி 16 மணி நேரமும் ஹீட்டர்தான் கதி. வடக்குப் பார்த்த அறை என்றால் இந்த உதவியும் கிடையாது.

இதையும் கவனியுங்கள்...

* கண்ணாடி வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. அதற்குத் தேவையான புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

* இட்லி ஆவி, சாம்பார் கொதி, உலர்த்தும் துணியின் ஈரம் எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிந்து, பனிக்கட்டியாக உறையும். மரச்சட்டம் பூஞ்சை பிடிக்கும். சமையலறையில் வெளியேற்றும் விசிறி அவசியம்.

* மூன்று பருவ அறையில் சின்ன ஹீட்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனைதான் அதிக செலவு வைக்கும். பில்லும் ஏறும், குளிரும் போகாது. அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவே வாசல் கதவைப் போன்ற கனமான கதவு போட்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவதே நல்லது.

* வீட்டை விற்கும்போது போட்ட பணம் முழுதும் திரும்பும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

குறைந்த செலவில் வழி உண்டா?

உண்டு. தெற்குச் சுவரில் இருக்கும் ஜன்னலைப் பெரிதாக்கி, மூன்றடுக்குக் கண்ணாடி பொருத்தி, பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போடலாம். அறை கட்டும் செலவில் சிறு பங்குதான் ஆகும். பைல் வேண்டாம், புதுக் கூரை வேண்டாம்.

கையில் பணம் இருந்து, அறைதான் வேண்டும் என்றால், பெரிய மூன்று பருவ அறையைவிடச் சிறிய நான்கு பருவ அறை மேல். ஏனென்றால், வெயில் அதிகம் தேவைப்படுவது ஜனவரியில்தான். அந்த மாதத்தில் பூட்டிக் கிடக்கும் அறைக்காகப் பல ஆண்டு சேமிப்பைக் கொட்ட வேண்டுமா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.