பேச்சும் படபடக்கும், நெஞ்சும் படபடக்கும்

"ஏன் இப்படிப் படபடன்னு பேசறே? மூச்சு விட்டுப் பேசு!" தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் இந்த அதட்டலைக் கேளாதவர் குறைவு. கோலார் தங்கவயலில் பிறந்த நானும் நிறையவே கேட்டிருக்கிறேன்.

இலக்கணத்தில் இதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர். இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியர் அன்றே சொல்லி வைத்தார். வேகமான பேச்சுக்கு மட்டும் நம்மிடம் எத்தனை சொற்கள்! மனப்பாடம் செய்ததைக் கடகடவென ஒப்பிக்கிறோம். சளசளவென்று பேசுகிறவரிடம் விஷயம் குறைவு. தொணதொணப்புக்கு வேகமே வேண்டாம், விடாப்பிடி போதும். கோபம் வந்தால் சட்டியில் போட்ட சோளம் போலப் பொரிந்து தள்ளுகிறோம். படபடப்பு இவை எதிலும் சேராது. பேச்சின் வேகத்தோடு பேசுகிறவரின் மனத்தையும் அது காட்டிவிடும்; அவசரமோ, கோபமோ, பயமோ உள்ளே இருக்கும். அதனால்தான் நெஞ்சுக்கும் அதே சொல்லைச் சொல்கிறோம்.

இந்த இரண்டும் ஒன்றுதான் என்பது எங்கள் ஊரில் நன்றாகவே விளங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அத்தனை ஆழத்தில் பாறை தாங்காமல் வெடித்துச் சிதறுவதை 'ஏர் பிளாஸ்ட்' என்போம். மேலே வீடு அதிரும், அலமாரிப் பாத்திரங்கள் கடகடக்கும். எந்த ஷிப்டு, யார் உள்ளே என்று பெண்கள் தெருவில் நின்று படபடவென்று விசாரிப்பார்கள். அப்போது படபடத்தது வாயா, நெஞ்சா என்று பிரிக்க முடியாது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழரும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கரும் இங்கே வேலைக்கு வந்தார்கள். சுற்றிலும் கன்னடம். ஒரே லைன் வீடுகளில் மூன்று மொழியும் புழங்கின. ஓசைச் சொற்களில்தான் வேடிக்கை. நாம் கலகலவென்று சிரிப்போம். கன்னடத்தில் 'களகள' என்பது அழுகை. தெலுங்கர் கடகடவென்று படிப்பதும் உண்டு, கடகடவென்று நடுங்குவதும் உண்டு. கன்னடத்திலும் ஒரு 'படபட' இருக்கிறது. பம்பரத்தின் நடுவில் வரும் 'ப' போல முதலெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் பொருள் பிதற்றல், உளறல்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. அதன்பின் பல குடும்பங்கள் பெங்களூருக்கு ரயிலேறின. பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தாத்தா பாட்டிக்கு அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். "ராத்திரியெல்லாம் படபடன்னு வருதும்மா" என்றார் பாட்டி. கூட வந்த பேத்தி கன்னடத்தில், பாட்டி இரவெல்லாம் உளறுகிறார் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் காய்ச்சல் உண்டா, ஞாபக மறதி உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். பாட்டியின் கை மார்பின் மேலேயே இருந்தது. "வாய் இல்லை டாக்டர், நெஞ்சு" என்று நான் இடையில் புகுந்தேன். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

கன்னடத்தில் நெஞ்சு 'டவடவ' என்று அடித்துக்கொள்ளும், தெலுங்கில் 'தடதட'. இதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூடவே இன்னும் சிலவற்றையும். தலை 'விண்விண்' என்றால் தெறிக்கும் வலி, 'கிறுகிறு' என்றால் சுற்றல். கால் 'மதமத' என்றால் வலியே இல்லை, மரத்துப் போயிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர் இந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னால் டாக்டரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும்.