அறுந்தது தெரியாத இழை!

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியைப் பார்த்திருக்கீங்களா? பாவுல ஒரு இழை அறுந்தா, நெசவாளர் உடனே கண்டுபிடிச்சு முடிச்சுப் போட்டுடுவார். மூளையில ஒரு குட்டி ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா? பல நேரம் கை, கால் இழுக்காது, வாய் கோணாது. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். அதான் 'சைலன்ட் ஸ்ட்ரோக்'!

நல்ல ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிஞ்சு, இதயத்துடிப்போட வேகத்தைத் தாங்கிக்கும். வயசு, பிரஷர், சர்க்கரை, சிகரெட்னு சேர்ந்து அதை விறைப்பாக்கிட்டா, அந்த அடி மூளையோட நுண்குழாய்கள் மேல இறங்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் முதியவர்களை ஆராய்ந்து 2003-ல் சொன்னாங்க... சைலன்ட் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மறதிநோய் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல்!

'நான் நல்லாத்தானே இருக்கேன்'னு சொல்றீங்களா? பிரஷர் 140/90-ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுக்காதுங்க. இந்த லீவுல அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. ரெண்டு பேரும் கையை நீட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்!