காற்றை அளந்த சகோதரர்கள்

சைக்கிள் பழகும்போது நமக்கு எது கடினமாக இருக்கிறது? பெடலை மிதிப்பதா? மிதிக்கும் பலம் நம் கால்களில் முன்பே இருக்கிறது. கீழே விழாமல் சமநிலை காப்பதைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. விமானம் பிறந்த கதையும் ஏறக்குறைய இதுதான். பறப்பதற்குப் போதிய பலம் வேண்டும் என்று பலர் எண்ணினார்கள். பறக்கும்போது விழாமல் இருக்கவும் தெரிய வேண்டும் என்று உணர்ந்தவர்கள் சிலரே. அவர்களில் இருவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பது பொருத்தமான செய்திதான்!

நான்கு விசைகள்

பறவையைப் பார்த்து, இறக்கையை அடித்துப் பறக்கவே மனிதன் நெடுங்காலம் முயன்றான். 1799இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி என்பவர் வேறு விதமாகச் சிந்தித்தார். பறவையின் இறக்கை இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடலைத் தூக்குகிறது, முன்னே தள்ளவும் செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் என்ன? தூக்குவதற்கு அசையாத இறக்கை. தள்ளுவதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு. இந்தக் கருத்தை அவர் ஒரு வெள்ளித் தகட்டில் படமாகச் செதுக்கி வைத்தார்.

பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. எடை கீழே இழுக்கிறது. தூக்குவிசை மேலே உயர்த்துகிறது. உந்துவிசை முன்னே செலுத்துகிறது. காற்றின் தடை பின்னே இழுக்கிறது.

தூக்குவிசை எங்கிருந்து வருகிறது? மேசை விசிறிக்கு எதிரே, சற்றுத் தள்ளி நின்று, ஓர் அட்டையைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். விசிறியை நோக்கிய விளிம்பைச் சிறிது உயர்த்துங்கள். அட்டை மேலே எழும்பப் பார்க்கும். சாய்ந்த அட்டை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று அட்டையை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே வேலை செய்கிறது. இறக்கை வளைவாக இருந்தால் காற்று இன்னும் சீராகத் திரும்பும், தூக்குவிசையும் கூடும். ஆனால் சாய்வை மிக அதிகமாக்கினால், அட்டை உயர்வதைவிடப் பின்னே தள்ளப்படுவதே மிகுதியாகும். விமானத்தின் இறக்கையும் அளவுக்கு மீறிச் சாய்ந்தால், மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்து சுழல்கிறது. தூக்குவிசை திடீரெனக் குறைந்துவிடுகிறது.

உயிரைப் பறித்த சாய்வு

ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் ஓட்டோ லிலியந்தால் நாரைகளின் பறத்தலை ஆராய்ந்தவர். இறக்கை வடிவங்களைச் சோதித்து, எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்குவிசை என்று ஓர் அட்டவணை தயாரித்தார். 1891 முதல், இயந்திரம் இல்லாத கிளைடர்களில் குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தார். ஏறத்தாழ 2,000 முறை பறந்திருக்கிறார்.

அவர் சமநிலை காத்தது எப்படித் தெரியுமா? இறக்கைக்குக் கீழே தொங்கியபடி, உடலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டார். மென்மையான காற்றில் இது போதும். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்று அவருடைய கிளைடரின் முன்பக்கத்தை உயர்த்திவிட்டது. உடலை முன்னே எறிந்தும் பயனில்லை. கிளைடர் பல மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. மறுநாள் லிலியந்தால் இறந்தார்.

மூன்று அச்சுகள்

அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திவந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்களை இந்தச் செய்தி உலுக்கியது. சைக்கிள் ஓட்டுபவன் ஒவ்வொரு கணமும் சமநிலையைத் திருத்திக்கொண்டே போகிறான். விமானமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

காற்றில் மிதக்கும் பொருள் மூன்று விதமாகத் திரும்பும். மூக்கு உயரலாம், தாழலாம். ஒரு பக்கமாகச் சரியலாம். இடமோ வலமோ திரும்பலாம். மூன்றையும் விமானி கட்டுப்படுத்த வேண்டும்.

மூக்கை உயர்த்தித் தாழ்த்த, முன்புறத்தில் கிடையாக ஒரு சுக்கான் வைத்தார்கள். சரிவைத் திருத்த என்ன வழி? ஒரு நாள் வில்பர் கடையில் சைக்கிள் டியூப் வந்த நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் ஒரு முனை ஒரு பக்கமும், மறுமுனை எதிர்ப்பக்கமும் சாய்ந்தன. உடனே வழி புலப்பட்டது! இறக்கைகளையும் இவ்வாறு முறுக்கினால், ஒரு பக்கத்தில் தூக்குவிசை கூடும், மறுபக்கத்தில் குறையும். விமானம் நிமிரும். 1899இல் ஒரு பெரிய பட்டத்தில் இதைச் சோதித்து வெற்றி கண்டார்கள்.

பொய்த்துப்போன கணக்கு

அடுத்து, மனிதனைச் சுமக்கும் கிளைடர்களைக் கட்டினார்கள். காற்று பலமாக வீசும் கிட்டி ஹாக் என்னும் கடற்கரைக்கு அவற்றை எடுத்துச் சென்றார்கள். இறக்கையின் அளவைத் தீர்மானிக்க அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. பரப்பு இரு மடங்கானால் தூக்குவிசை இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். இவற்றோடு லிலியந்தாலின் அட்டவணை எண்ணையும், ஸ்மீட்டன் எண்ணையும் பெருக்க வேண்டும்.

ஸ்மீட்டன் எண் என்பது காற்றின் தள்ளும் வலிமையைக் குறிப்பது. மணிக்கு 1 மைல் வேகத்தில் வீசும் காற்று, எதிரே நிற்கும் 1 சதுர அடிப் பலகையை 0.005 பவுண்டு விசையால் தள்ளும் என்று புத்தகங்கள் கூறின. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவந்த எண் அது.

1901ஆம் ஆண்டுக் கிளைடர் கணக்கை மதிக்கவில்லை. எதிர்பார்த்த தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்கள். லிலியந்தாலின் அட்டவணை தவறோ என்று ஐயுற்றார்கள்.

சும்மா ஐயுற்றதோடு அவர்கள் நிற்கவில்லை. 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் கொண்ட ஒரு மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் விசிறி. உள்ளே, ரம்பத் தகட்டிலும் சைக்கிள் ஆரக் கம்பியிலும் தாங்களே செய்த தராசு. இதுதான் அவர்களுடைய காற்றுச் சுரங்கம். தகரத்தை வெட்டி வளைத்து, சுமார் 200 சிறு இறக்கைகளைச் செய்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

விடை வியப்பளித்தது. லிலியந்தாலின் எண்கள், அவர் ஆராய்ந்த இறக்கை வடிவத்துக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தன! பிழை ஸ்மீட்டன் எண்ணில் இருந்தது. கிளைடரில் எடுத்த அளவுகளைக் கொண்டு அவர்கள் கணக்கிட்ட மதிப்பு சுமார் 0.0033 மட்டுமே. இறக்கையின் வடிவத்திலும் குறை இருந்தது. ஒரே பரப்பானாலும், நீண்டு ஒடுங்கிய இறக்கையே சிறந்தது. 1901இல் இறக்கை 22 அடி நீளம், 7 அடி அகலம். 1902இல் 32 அடி நீளம், 5 அடி அகலம். பரப்பில் பெரிய மாற்றமில்லை. பறப்பில் பெரிய மாற்றம்! அந்த ஆண்டே பின்புறத்தில் திரும்பும் சுக்கானையும் பொருத்தினார்கள். மூன்று அச்சுகளும் விமானியின் வசமாயின.

பன்னிரண்டு விநாடிகள்

அதே காலத்தில் புகழ்பெற்ற அறிவியலாளர் சாமுவேல் லாங்லி, அரசு அளித்த 50,000 டாலருடன் ஒரு விமானத்தை உருவாக்கினார். அதில் 52 குதிரைத்திறன் இயந்திரம் இருந்தது. ஆனால் அதை ஓட்டவேண்டியவருக்குக் காற்றில் பழகிய அனுபவம் இல்லை. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு முயற்சிகளிலும் விமானம் ஆற்றில் விழுந்தது. நல்லவேளையாக விமானி உயிர் தப்பினார்.

ரைட் சகோதரர்களின் இயந்திரமோ சுமார் 12 குதிரைத்திறன் கொண்டதே. ஆனால் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்து அவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். உந்துசுழலியும் சுழலும் ஓர் இறக்கைதான் என்று உணர்ந்து, சுரங்கத்து எண்களைக் கொண்டே அதை வடிவமைத்தார்கள்.

1903 டிசம்பர் 17 அன்று காலை 10.35 மணிக்கு ஆர்வில் பறந்தார். 12 விநாடிகள், 120 அடி. தரையில் ஓடும் ஒருவன் அதை முந்திவிடலாம்! ஆயினும் எதிரே மணிக்கு 20 மைலுக்கும் அதிக வேகத்தில் காற்று வீசியது. இறக்கைக்குக் கணக்கு, தரையை ஒட்டிய வேகம் அன்று. காற்றை ஒட்டிய வேகமே. அன்றைய நான்காம் முயற்சியில் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி பறந்தார்.

செவ்வாயில் அந்தத் துணி

ரைட் சகோதரர்கள் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். அச்சில் வந்த எண்ணானாலும் அளந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்ற உறுதி அவர்களிடம் இருந்தது. யார்மீது ஐயம் கொண்டார்களோ, அந்த லிலியந்தாலை முன்னோடி என்று வில்பர் பின்னர் மனமாரப் பாராட்டி எழுதவும் செய்தார்.

2021 ஏப்ரல் 19 அன்று இன்ஜெனுயிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டர் செவ்வாய்க் கோளில் எழும்பி, 39 விநாடிகள் பறந்தது. அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். எனவே அங்கே ஸ்மீட்டன் எண்ணும் அதே அளவு சுருங்கிவிடும். ஈர்ப்பு குறைவு என்றாலும் அது போதாது. ஆகவே சுழலிகளை நிமிடத்துக்கு 2,400 முறைக்கு மேல் சுழற்றினார்கள். வேகம் கூடினால் தூக்குவிசை அதன் இருமடியாகக் கூடும் அல்லவா? அந்த ஹெலிகாப்டரில் 1903ஆம் ஆண்டு விமானத்தின் இறக்கைத் துணியில் ஒரு சிறு துண்டும் ஒட்டப்பட்டிருந்தது.