துரத்தியவன் நின்று கேட்ட கேள்வி

கௌபாய் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தொப்பி, குதிரை, வாயோரத்தில் ஒரு சுருட்டு. கதை என்னவென்று கேட்டால், "ரெண்டு பேரு சுட்டுக்குவாங்க, ஒருத்தன் விழுவான்" என்பார்கள். பெரும்பாலான படங்களுக்கு அது போதும். ஆனால் இந்த வகைப் படங்களில் ஒரு தனிக் கிளை உண்டு. ஒருவன் கூலிக்கு ஆள் பிடிப்பவன். இன்னொருவன் செய்யாத குற்றத்துக்காக ஓடுபவன். இவன் அவனைத் துரத்துகிறான். படத்தின் பாதி வழியில் துரத்துபவன் மனத்தில் ஒரு சந்தேகம் முளைக்கிறது. துப்பாக்கி வெடிக்கும் இடங்களைவிட எனக்கு அந்தச் சந்தேகம்தான் பிடிக்கும்.

இந்தக் கிளையில் நான் முதலிடம் கொடுப்பது 1966இல் வெளிவந்த 'தி பிக் கன்டவுன்' என்ற இத்தாலியப் படத்துக்கு. இயக்குநர் செர்ஜியோ சொலிமா, இசை எனியோ மோரிக்கோனே. கதை நடப்பது டெக்சஸிலும் மெக்சிகோவிலும் என்றாலும் படம் பிடித்தது ஸ்பெயின் நாட்டின் வறண்ட நிலத்தில். கார்பெட் என்ற துப்பாக்கிக்காரனாக லீ வான் கிளீஃப் நடித்திருக்கிறார். குற்றவாளிகளைத் தீர்த்துக்கட்டியே பெயர் வாங்கியவன் கார்பெட். இரயில் பாதை போடத் துடிக்கும் ஒரு பணக்காரர் அவனிடம் வருகிறார். ஒரு சிறுமியைக் கொன்றுவிட்டு ஓடிய மெக்சிகோக்காரனைப் பிடிக்க வேண்டும் என்கிறார். கூலி பணமாக இல்லை. செனட் தேர்தலில் நிற்க ஆதரவு. எனக்கு என்னவோ பணத்தைவிட இது ஆபத்தான கூலி என்று தோன்றியது. பணம் வாங்கியவன் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதவி ஆசையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஓடுபவன் பெயர் குச்சீயோ. ஸ்பானிய மொழியில் கத்தி என்று பொருள். டோமாஸ் மிலியன் நடித்த இந்தக் குச்சீயோ உத்தமன் அல்ல. பொய் சொல்வான், ஏமாற்றுவான், நன்றாகச் சிரிப்பான், கார்பெட்டைத் திரும்பத் திரும்ப முட்டாளாக்குவான். இயக்குநரின் துணிச்சல் இங்கேதான். நிரபராதியை நல்லவனாகக் காட்டினால் பார்ப்பவருக்கு வேலை எளிது. கையில் கத்தியோடு திரியும் ஒரு தில்லுமுல்லுக்காரனைக் காட்டி, 'இவன் அந்தக் குற்றத்தைச் செய்தானா?' என்று கேட்பது வேறு. கார்பெட்டுக்குச் சொல்லப்பட்ட ஆளும் அவன் நேரில் பார்க்கும் ஆளும் பொருந்தவில்லை. கொன்றவன் பணக்காரரின் சொந்த மருமகன் என்பது கடைசியில் தெரிகிறது. ஆள் பிடிக்க வந்தவன் அணி மாறுகிறான்.

சென்ற விடுமுறையில் ஈப்போ வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். தமிழ் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலத்தைக் கேட்டு நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாட்டிக்குத் தொப்பிக்காரர்கள் புதியவர்கள் அல்லர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டியவர் அவர். அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். பாய் கொண்டுவந்து முன்னால் இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்குமாம். ஜெய்சங்கர் குதிரையில் வந்த படமெல்லாம் அந்தத் துணியில்தான் பார்த்திருக்கிறார். இன்று அந்தத் திடலும் இல்லை, லயமும் இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி.

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாட்டி கேட்டார்: "அந்தப் பிள்ளைய இவன்தான் கொன்னான்னு யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல பாட்டி. அப்படிச் சொல்றாங்க."

"சொல்றது யாரு? பெரிய மனுசனா?"

"ஆமா."

"அப்ப சரி" என்று தலையை ஆட்டினார். அந்த 'அப்ப சரி'யில் இருந்த கசப்பு புரிய எனக்குச் சற்று நேரமானது. தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடினான் என்று ஒருவர் மேல் பழி விழுந்த கதையைப் பிறகு சொன்னார். யாரும் பார்க்கவில்லை. சொன்னவர் மேலே இருப்பவர். வேலை போனது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு நாளில் அந்தக் குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கே போனார்கள் என்று பாட்டிக்கு இன்றுவரை தெரியாது.

தமிழில் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. எம். கர்ணன் இயக்கிய 'கங்கா' (1972) போன்ற படங்கள் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றின. அந்தக் காலத்தைக் கேலியும் பாசமுமாக நினைத்துப் பார்த்தது சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010). நம் தலைமுறைக்கு நெருக்கமானது கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'. 2023 நவம்பரில் வந்தது. எழுபதுகளின் மதுரையில் நடக்கும் கதை. போலீஸ் வேலைக்குப் போக இருந்த கிருபை, செய்யாத கொலைகளுக்காகச் சிறையில் கிடக்கிறான். ஒரு போலீஸ் அதிகாரி அவனிடம் பேரம் பேசுகிறார்: ரவுடி சீசரைக் கொன்றால் உனக்கு விடுதலை. ஆக, பொய்க் குற்றம் சுமத்தப்பட்டவனும் கூலிக்குக் கொல்லப் போகிறவனும் இங்கே ஒரே ஆள்! எஸ்.ஜே. சூர்யா அந்த இரண்டு பேரையும் ஒரே முகத்தில் வைத்திருப்பார். இயக்குநர் வேடம் போட்டுக் கேமராவோடு சீசரை நெருங்குகிறான் கிருபை. முடிவைச் சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் பாருங்கள்.

இத்தகைய படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர் ஃபிளாஷ்பேக். உண்மையில் என்ன நடந்தது என்று எப்போதாவது ஓர் இடத்தில் நமக்குக் காட்டிவிடுவார்கள். அதன்பின் நமக்குச் சந்தேகமே கிடையாது. 'ஐயோ, அவன் செய்யவில்லையே' என்று பதறுவது மட்டும்தான் நம் வேலை. நிஜத்தில் அந்த வசதி இல்லை. அது இல்லாமல் ஒருவர் உயிரை முடிவு செய்ய வேண்டியிருந்த வழக்கு ஒன்று நம் ஈப்போவிலேயே நடந்திருக்கிறது.

எஸ்.பி.எம். வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 மறந்திருக்காது. அன்று காலை சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அடையாள அட்டை, கம்பிவேலி, ஊரடங்கு எல்லாம் வந்தன. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. தலைகளுக்கு விலை வைத்துச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சித்தியவானில் பிறந்த சின் பெங்கின் தலைக்கு 250,000 டாலர். கௌபாய் படத்தில் மரத்தில் ஆணி அடித்துத் தொங்குமே, அதே போன்ற அறிவிப்புதான். ஒரே வேறுபாடு, இது நம் கம்பத்துச் சுவரில் ஒட்டியது.

1952இல் ஈப்போவில் லீ மெங் என்ற இளம் பெண்ணைக் கைது செய்தார்கள். கையெறிகுண்டு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. பிடிபட்டபோது அவர் கையில் குண்டு இல்லை. முன்பு காட்டில் அவர் அதை வைத்திருந்ததைப் பார்த்தோம் என்று சரணடைந்த முன்னாள் போராளிகள் சாட்சி சொன்னார்கள். நீங்கள் தேடும் ஆள் நான் அல்லள், என் பெயர் லீ தென் தாய் என்றார் அவர். அவருக்காக வாதாடியவர் ஈப்போ வழக்கறிஞர் எஸ்.பி. சீனிவாசகம். ஈப்போவாசிகளுக்குச் சீனிவாசகம் என்றதும் பூங்காதான் நினைவுக்கு வரும். அந்தப் பூங்கா இவருடைய தம்பி டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரில் உள்ளது.

அந்தக் காலத்தில் இங்கே இத்தகைய வழக்குகளில் ஜூரி கிடையாது. பொதுமக்களில் இருவர் நீதிபதியோடு அமர்ந்து வழக்கைக் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். அவர்களை அசெசர் என்பார்கள். லீ மெங்கின் முதல் விசாரணையில் ஆசியர்களான இரண்டு அசெசர்களும் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் ஓர் ஐரோப்பியர், ஓர் ஆசியர். ஆசியர் 'குற்றவாளி அல்ல' என்றார். ஐரோப்பியர் 'குற்றவாளி' என்றார். நீதிபதி ஐரோப்பியரோடு உடன்பட்டார். மரண தண்டனை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கைக் கேட்ட நான்கு அசெசர்களில் மூன்று பேர் விடுவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் கயிறு விழ ஒருவர் போதுமானதாக இருந்தது.

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. அங்கேரி அரசாங்கம் தன் சிறையிலிருந்த ஒரு பிரிட்டிஷ் வணிகரை விடுவிக்கிறேன், பதிலுக்கு லீ மெங்கைக் கொடுங்கள் என்று கேட்டதால் உலகமே ஈப்போவைத் திரும்பிப் பார்த்தது. பிரிட்டன் மறுத்துவிட்டது. கடைசியில் 1953இல் பேராக் சுல்தான் யூசுப் இசுடின் ஷா அந்தத் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு விடுதலையாகிச் சீனாவுக்குப் போன லீ மெங், மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான சென் தியனை மணந்துகொண்டார்.

இந்தக் கடைசி விவரத்தைக் கேட்ட என் நண்பன், "அப்படின்னா போலீஸ் சொன்னது சரிதானே?" என்றான். எனக்கு உடனே குச்சீயோ நினைவுக்கு வந்தான். கட்சிக்காரராக இருந்தார் என்பது வேறு. அந்தக் குண்டை வைத்திருந்தார் என்று நிரூபிப்பது வேறு. தூக்குத் தண்டனை கேட்டது குண்டுக்காக. கையில் கத்தி வைத்திருக்கும் ஒவ்வொருவனும் அந்தச் சிறுமியைக் கொன்றவன் ஆகிவிடுவானா? நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

லீ மெங்குக்குக் கிடைத்த அவகாசம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் வட்டாரத்தில் பிறந்து இங்கே வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1949 மார்ச்சில் சிலாங்கூரில் ரவாங் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டார். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கொண்டுபோனேன் என்பது அவர் தரப்பு வாதம். இந்திய அரசாங்கம் கருணை காட்டக் கேட்டது. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டே மாதம். நம் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத் தேர்வு முடிவு வரக்கூட அதைவிட நாளாகும். அவர் உண்மையைத்தான் சொன்னாரா என்று எவராவது பொறுமையாக விசாரிக்க வேண்டுமானால் அந்த இரண்டு மாதம் போதாது. அதற்குப் பிறகு விசாரித்துப் பயனும் இல்லை.

சட்டம் 'கட்டாயம்' என்று சொன்னால் நடுவில் நிற்பவர்களுக்குக் கேள்வி கேட்க இடமே இல்லை. நம் நாட்டில் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மரண தண்டனை போய்விடவில்லை. ஆனால் அதை விதிப்பதா, நீண்ட சிறைத்தண்டனை கொடுப்பதா என்று நீதிபதி இனி யோசிக்கலாம். அதாவது, யோசித்தாக வேண்டும். சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு இது தேர்வுக் கேள்வி. எனக்கு அது கார்பெட் குதிரையை நிறுத்தும் காட்சி.

லீ மெங் வழக்கை யாராவது படமாக எடுத்தால் எப்படி எடுக்கலாம் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஈப்போ இரயில் நிலையத்துக்கு அருகில் வெள்ளை நிறத்தில் நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு காட்சி மனத்தில் ஓடும். காடு வேண்டாம், துப்பாக்கிச் சண்டை வேண்டாம். ஃபிளாஷ்பேக் கண்டிப்பாக வேண்டாம். முதல் விசாரணையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு அசெசர்களின் முகத்தில் கேமராவை வைத்துவிட வேண்டும். அவர்களும் சாதாரண ஈப்போ மனிதர்கள். வெளியே அவசரகாலம். 'குற்றவாளி' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். விசிறி சுற்றுகிறது. நீதிபதி அவர்கள் பக்கம் திரும்புகிறார். ஒருவர் எழுகிறார்.

பாட்டியிடம் இந்தக் காட்சியைச் சொன்னேன். "குதிரை வராதா?" என்று கேட்டார்.