பாக்கு எழுப்பும் சுவர்

மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவ, ரத்தோட்ட பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்கு வெற்றிலைதான் வழித்துணை. சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலைத் துண்டும் வைத்து மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசியும் குளிரும் அவ்வளவாகத் தெரியாது.

பல வருடம் மென்ற வாயில் முதலில் காரம் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்நாராக விறைக்கும். மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாமல் போகும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்கு அதுவாக மாறும். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மென்றால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பாக்கு தனித்தே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். முற்றிய பிறகே பேராதனை, கண்டி மருத்துவமனைகளுக்கு வந்துசேருபவர்கள் ஏராளம்.

முற்றிய நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் ஒன்று நோயெதிர்ப்பு மருந்து. நம் உடலைக் காக்கும் டி கலங்கள் புற்றுக் கலங்களைக் கொல்ல வல்லவை. அவற்றின் மேல் பிடி-1 என்றொரு தடை உண்டு. 1992இல் அதைக் கண்டறிந்தது கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு. 2018இல் அவருக்கு நோபல் கிடைத்தது. புற்றுநோய் இந்தத் தடையை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. நிவோலுமாப் என்ற மருந்து அதை விடுவிக்கிறது. ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2016இல் வெளியான பெரிய ஆய்வில் கட்டி சுருங்கியது நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குத்தான்.

மற்றவர்களுக்கு ஏன் வேலை செய்யவில்லை? ஒரு காரணம், டி கலங்கள் கட்டிக்குள்ளேயே நுழையாதது. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் காயம் ஆறும்போது நார்த்திசுவை வளர்க்கும். கட்டியைச் சுற்றி அது மிகுந்தால் நாரே சுவராகி, டி கலங்களை வெளியே நிறுத்திவிடும். பாக்கின் வேதிப்பொருள்கள் இதே புரதத்தின் வேலையைத் தூண்டுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கொண்டையா குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கன்னத்தை இறுக்கும் அதே புரதம்தான், பிற்பாடு மருந்துக்கும் குறுக்கே நிற்கக்கூடியது.

ஆகவே தடையை விடுவிப்பதோடு இப்புரதத்தையும் அடக்கும் மருந்துகள் சோதனையில் உள்ளன. ஃபிசெராஃபஸ்ப் ஆல்ஃபா அவற்றில் ஒன்று. பாப்பிலோமா வைரஸ் சம்பந்தப்படாத புற்றுநோய்க்கு, அதாவது பெரும்பாலும் நம்மூர் வகைக்கு, பிடி-1 தடையை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப்புடன் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வில் பாதிப்பேருக்கு மேல் கட்டி சுருங்கியது. சிறிய ஆய்வுதான், அவசரப்பட வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 2023 ஆய்வு. குணப்படுத்த முடியாத தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேருக்கும் மெதொட்ரெக்ஸேட், செலிகோக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்றும் தொடர்ந்து கொடுக்கப்பட்டன. பாதிப்பேருக்குக் கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான ஒரு தவணை 240 மில்லிகிராம்! ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16இலிருந்து 43 ஆனார்கள். இம்மருந்தின் சிறிய குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கிறது. ஒரே நாளில் இருவருக்கு நேரம் குறித்தால், ஒரு குப்பியிலேயே இருவருக்கும் கொடுத்துவிடலாம்.