காசுக்கு வாங்கிய சிபாரிசு!

இன்டர்நெட்டில் கடை வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம்

2011-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந் தேதி. புதன்கிழமை. இரவு 7 மணி.

வரவேற்பறைக்கு மேஜை, நாற்காலி வாங்க நினைத்த அமெரிக்கர்கள் கூகுளில் தேடினார்கள். முதல் இடத்தில் வந்து நின்றது ஒரு கடையின் பெயர். "ஜே.சி.பென்னி" என்பது அந்தக் கடை.

இரவு 9 மணி ஆயிற்று. அதே சொற்களைப் போட்டுத் தேடினார்கள். ஜே.சி.பென்னியைக் காணோம்!

எங்கே போயிற்று? 68-வது இடத்தில் கிடந்தது!

கூகுள் அப்போது ஒரு பக்கத்துக்குப் பத்து பெயர்களைக் காட்டும். 68-வது இடம் என்றால் ஏழாவது பக்கம். அவ்வளவு தூரம் யார் புரட்டிப் பார்ப்பார்கள்? கடைத்தெருவின் நடுவில் இருந்த கடையைத் தூக்கி, ஊருக்கு வெளியே வைத்ததுபோல் ஆகிவிட்டது.

ஜே.சி.பென்னி சின்னக் கடை அல்ல. 1902-ம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்கா முழுவதும் அப்போது 1,100-க்கும் அதிகமான கிளைகள் இருந்தன. அப்படிப்பட்ட கடைக்கு இரண்டு மணி நேரத்தில் இந்தக் கதி ஏன் வந்தது?

காசுக்கு வாங்கிய சிபாரிசுதான் காரணம்!

இணைப்பு என்றால் என்ன?

இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைப் படிக்கிறோம். நடுவில் சில சொற்கள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கிறது. அதுதான் இணைப்பு. இன்னொருவருடைய பக்கத்தில் இருந்து நம் பக்கத்துக்கு வரும் இணைப்பை "பேக்லிங்க்" என்கிறார்கள்.

லாரி பேஜ், செர்கெய் பிரின் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு இருந்தார்கள். 1998-ம் ஆண்டில் கூகுள் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான்.

இவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஒருவர் இன்னொருவருக்கு இணைப்புக் கொடுத்தால், அது ஒரு சிபாரிசு மாதிரி. எந்தப் பக்கத்துக்கு நல்ல சிபாரிசுகள் வருகின்றனவோ, அதை முன்னால் காட்டலாம்" என்பது அந்த யோசனை. கூகுள் பெயர் பெற்றதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இது தெரிந்ததும், சிபாரிசை விற்கும் தரகர்கள் கிளம்பிவிட்டார்கள்! அவர்கள் சொல்வதை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் ஏராளம். அவர்கள் நம்பும் தவறான எண்ணங்கள் என்னென்ன என்று பார்க்கலாம்.

"எண்ணிக்கை கூடினால் போதும்!"

முதல் தவறு இது. "ஆயிரம் இணைப்பு வாங்கினால் முதல் இடம் வந்துவிடும்" என்று நினைக்கிறார்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பையனைப் பற்றித் தரகர் நூறு தடவை புகழ்கிறார். உடனே தாம்பூலம் மாற்றி விடுகிறோமா? இல்லை. பையன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். அவனுக்குப் பாடம் சொன்ன வாத்தியாரைப் பார்க்கிறோம். "தங்கமான பையன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், தரகரின் நூறு வார்த்தையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கூகுளின் கணக்கும் தொடக்கத்தில் இருந்தே இப்படித்தான். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதோடு, சொல்வது யார் என்பதையும் அது பார்க்கிறது. பலராலும் மதிக்கப்படும் பக்கத்தில் இருந்து வரும் ஓர் இணைப்பு, யாருமே எட்டிப்பார்க்காத ஆயிரம் பக்கங்களில் இருந்து வரும் இணைப்புகளைவிட மேல்.

"யாருக்குத் தெரியப்போகிறது?"

இது இரண்டாவது தவறு. ஜே.சி.பென்னி விஷயத்தில் குட்டு எப்படி வெளிப்பட்டது தெரியுமா?

"ஆடை" என்று தேடினாலும் அந்தக் கடை முதலில் வந்தது. "படுக்கை விரிப்பு" என்று தேடினாலும் அதே கடை. பல மாதங்களாக இப்படி இருந்தது. "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நிபுணரிடம் சொல்லி ஆராயச் செய்தது.

அவர் தோண்டிப் பார்த்தார். ஜே.சி.பென்னிக்கு இணைப்புக் கொடுத்திருந்த 2,015 பக்கங்கள் அகப்பட்டன!

என்ன பக்கங்கள்? நாய்களைப் பற்றிய பக்கம். மீன் பிடிப்பதைப் பற்றிய பக்கம். பல் டாக்டர்களைப் பற்றிய பக்கம். குறட்டையைப் பற்றிய பக்கம்! அங்கெல்லாம் "ஆடை" என்ற சொல் ஒட்டவைக்கப்பட்டு இருந்தது. தொட்டால் ஜே.சி.பென்னி கடை திறந்தது.

குறட்டைக்கும் கவுனுக்கும் என்ன சம்பந்தம்?

பத்திரிகை கூகுளிடம் கேட்டது. கூகுள் உடனே நடவடிக்கை எடுத்தது. பிப்ரவரி 1-ந் தேதி, 59 தேடல் சொற்களில் ஜே.சி.பென்னியின் சராசரி இடம் 1.3. பத்தாந் தேதி அது 52-க்குப் போய்விட்டது.

"இந்த இணைப்புகளுக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை" என்று கடை சொன்னது. தேடல் வேலையைக் கவனித்து வந்த கம்பெனியை நீக்கியது. என்றாலும், தண்டனை அனுபவித்தது கடைதான். தரகர் செய்தாலும், பழி கடைக்காரர் தலையில்தான் விழும். இதை மறக்கக்கூடாது.

"பெரிய இடத்தைத் தொடமாட்டார்கள்!"

இதுவும் தவறுதான். கூகுள் தன் சொந்தப் பக்கத்தையே தண்டித்தது!

"குரோம்" என்பது கூகுளின் பிரவுசர். 2012-ம் ஆண்டு ஜனவரி மாதம், அதை விளம்பரம் செய்யும் பொறுப்பை ஏற்றிருந்தவர்கள், காசு கொடுத்துச் சிலரை எழுதவைத்தார்கள். அப்படி எழுதிய ஒன்றில், விதிக்கு மாறான இணைப்பு இருந்தது. விஷயம் வெளியே வந்ததும், குரோம் பக்கத்தைக் குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே தள்ளுவதாகக் கூகுள் அறிவித்தது.

"நீ எனக்கு, நான் உனக்கு!"

"காசு கொடுத்தால்தானே குற்றம்? மாற்றிக்கொள்ளலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நண்பர் ஒருவர் நம்மைப் பற்றி எழுதுகிறார். நாமும் அவரைப் பற்றி எழுதுகிறோம். இது இயல்பானது. தவறு இல்லை. ஆனால் சிபாரிசு பெறுவதற்காகவே கூட்டம் சேர்ப்பது விதிக்கு மாறானது.

"ராப் ஜீனியஸ்" என்பது பாட்டுகளின் வரிகளை வெளியிட்ட நிறுவனம். "எங்களுக்கு இணைப்புக் கொடுங்கள். உங்களைப் பற்றி நாங்கள் ட்விட்டரில் சொல்கிறோம்" என்று அது பேரம் பேசியது. பேரம் அம்பலமாயிற்று. 2013-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அதன் பெயரைச் சொல்லித் தேடினால்கூட அது முன்னால் வரவில்லை! தவறை ஒப்புக்கொண்டு, இணைப்புகளை நீக்கிய பிறகு, பத்து நாளில் திரும்பி வந்தது.

விளம்பரம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். காசு கொடுத்து விளம்பரம் செய்வது குற்றமே அல்ல. விளம்பரத்தை நடுநிலைச் சிபாரிசுபோலக் காட்டுவதுதான் குற்றம்.

இதற்கென்று அடையாளங்கள் இருக்கின்றன. "நோ-பாலோ" என்ற குறி 2005-ம் ஆண்டில் வந்தது. "ஸ்பான்சர்டு" என்ற குறி 2019-ம் ஆண்டில் வந்தது. பக்கத்தைத் தயாரிப்பவர் இந்தக் குறியை உள்ளே எழுதிவிட்டால், "இது விளம்பரம்" என்று கூகுளுக்குத் தெரிந்துவிடும்.

"அந்தக் குறி போட்ட இணைப்பால் பிரயோசனமே இல்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரி அல்ல. அதைத் தொட்டு நாலு பேர் கடைக்கு வந்தால், அது லாபம் இல்லையா?

பயமுறுத்தும் தரகர்கள்

"உங்கள் பக்கத்துக்கு யாரோ கெட்ட இணைப்புகளைக் கொடுத்து இருக்கிறார்கள். உடனே நீக்காவிட்டால் கடை மூழ்கிவிடும். பணம் கொடுங்கள், நீக்குகிறோம்" என்று சிலர் கடிதம் அனுப்புகிறார்கள்.

பதறவேண்டாம். 2012-ம் ஆண்டு ஏப்ரலில், "பென்குயின்" என்ற புதிய சோதனை முறையைக் கூகுள் கொண்டு வந்தது. பொய்ச் சிபாரிசு வாங்கிய பல பக்கங்கள் அப்போது கீழே விழுந்தன. 2016-ம் ஆண்டு செப்டம்பரில் அந்த முறை மாறியது. கெட்ட இணைப்பைக் கண்டால், பெரும்பாலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. தெருவில் போகிறவன் நம் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால், அது நம் குற்றம் ஆகுமா?

இணைப்புகளை ஒதுக்கும்படி கூகுளிடம் சொல்ல ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்லி இருக்கிறது.

உண்மையிலேயே கூகுளின் ஆட்கள் நம் பக்கத்தின் மீது நடவடிக்கை எடுத்திருந்தால், "சர்ச் கன்சோல்" என்ற இடத்தில் அறிவிப்பு வரும். அதைப் பார்க்கக் காசு கிடையாது. பணம் கொடுக்கும் முன், அங்கே போய்ப் பாருங்கள்.

மார்க் மயக்கம்

"உங்கள் மார்க் 12. எங்களிடம் வந்தால் 50 ஆக்கிக் காட்டுகிறோம்" என்பார்கள். அது யார் போட்ட மார்க்? "டொமைன் அதாரிட்டி" என்ற மார்க்கைப் போடுவது "மாஸ்" என்ற தனியார் கம்பெனி. கூகுள் அல்ல. கூகுள் தானாக வெளியில் காட்டி வந்த மார்க்கை 2016-ம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மார்க்கை வைத்துப் பரீட்சையில் தேற முடியுமா?

என்ன செய்யலாம்?

அப்படியானால் இணைப்பே வேண்டாமா? வேண்டும். புதிய பக்கங்கள் இருப்பதைக் கூகுள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இணைப்புகளின் வழியாகத்தான். ஆனால் இடத்தைத் தீர்மானிக்கும் பல விஷயங்களில் அது ஒன்று. அது மட்டுமே அல்ல.

நேர்வழிகள் இருக்கின்றன. நீங்கள் சரக்கு வாங்கும் மொத்த வியாபாரியின் பக்கத்தில், "எங்கள் சரக்கு கிடைக்கும் இடங்கள்" என்ற பட்டியல் இருக்கிறதா? அதில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர் என்றால், அந்தப் பக்கத்தில் பெயர் வரட்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் விலாசத்தையும், திறக்கும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். இதற்குச் செலவு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி எழுதுங்கள். பட்டுச்சேலையை எப்படித் துவைப்பது, ஊறுகாய் ஏன் பூசணம் பிடிக்கிறது என்று நாலு பேருக்கு உதவும்படி எழுதினால், படித்தவர்கள் தாங்களாகவே மற்றவர்களுக்குச் சொல்வார்கள். அந்தச் சிபாரிசு நிலைக்கும்.

ஜே.சி.பென்னி கூகுளில் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் மூன்று மாதம் ஆயிற்று. ஆயிரத்துக்கு மேல் கிளைகள் இருந்ததால் அது தாங்கிக்கொண்டது. வீட்டில் இருந்தபடி முறுக்கும் சீடையும் செய்து விற்கும் குடும்பம், மூன்று மாதம் வியாபாரம் இல்லாமல் தாங்குமா?

சில நூறு ரூபாய்க்கு ஆயிரம் இணைப்புத் தருவதாக யாராவது வந்தால், இதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு நல்லெண்ணெய் வாங்கி, முறுக்கைக் கொஞ்சம் ருசியாகச் சுட்டால், வாங்கியவர்களே நாலு இடத்தில் சொல்வார்கள்!